சொன்னவர் எப்படி அறிந்தார்?

மதத்தை நம்புகிறவருக்கும் அறிவியலை நம்புகிறவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்ற வாதம் இப்போது படித்தவர்கள் நடுவிலேயே வலுவாகப் பேசப்படுகிறது. ஒருவர் ஆகமம் சொல்வதை ஏற்கிறார். இன்னொருவர் மருத்துவ இதழ் சொல்வதை ஏற்கிறார். இருவரும் தம் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, தம் கையால் எதையும் சோதிக்கவில்லை. வைரஸைக் கண்டவர் யார், அணுவைக் கண்டவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் பதில் தெரியாமல் விழிப்போம். இந்த வாதத்தைக் குதர்க்கம் என்று தள்ளிவிடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மனமார ஒப்புக்கொண்ட பிறகே மீதியை மறுக்க முடியும். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லித் தெரிந்தவைதான். சொன்னவர் அதை எப்படி அறிந்தார் என்று கேட்க வழி இருக்கிறதா, கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. அப்படிக் கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அறிவியல் இதழாளர்கள். அவர்களிலும் மாதச் சம்பளமோ நிறுவன அடையாள அட்டையோ இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று எழுதும் ஃப்ரீலான்ஸ் இதழாளர்கள் உண்டு. அறிவைப் பற்றிய மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இன்று இவர்கள் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

நம் மரபு அந்தக் கேள்வியை அளவை என்ற தலைப்பில் விரிவாகப் பேசியிருக்கிறது. ஒன்றை அறிவதற்கான வழிகள் எத்தனை? காட்சி ஒன்றே போதும் என்றார்கள் உலகாயதர். காட்சியும் கருதலும் போதும், பிறர் சொல் கருதலுக்குள் அடங்கிவிடும் என்றார்கள் பௌத்தத் தருக்கர்கள். மணிமேகலையில் வஞ்சி மாநகரத்து வைதிகவாதி, அளவைகள் பத்து என்று வேதவியாசரும் எட்டு என்று கிருதகோடியும் ஆறு என்று சைமினியும் கூறியதாக எடுத்துரைக்கிறார். சிவஞான சித்தியார் அளவைக்கென்றே தனி இடம் ஒதுக்கி, பலவாறாகச் சொல்லப்படுபவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. கடவுளைப் பற்றிப் பேசப் புகுமுன் இதை நான் எப்படி அறிவேன் என்று கணக்கு ஒப்புவித்த மரபு இது. பிறர் சொல்லை அறிவின் தனி வழியாக ஏற்றவர்கள் அதற்குக் கடுமையான நிபந்தனையும் போட்டார்கள். ஆப்தருடைய சொல்லே பிரமாணம் என்கிறது நியாய சூத்திரம். ஆப்தர் யார்? பொருளை நேராக அறிந்தவர், அறிந்தபடியே பிறருக்கு எடுத்துரைக்க விரும்புகிறவர் என்று உரை வகுத்தார் வாத்ஸ்யாயனர். அதோடு அவர் நிற்கவில்லை. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் எழுதினார். குலமும் பட்டமும் பதவியும் ஒருவரை ஆப்தர் ஆக்குவதில்லை என்ற முடிவு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. இந்தியத் தத்துவத்தில் இவ்வளவு துணிவான வரிகள் அதிகம் இல்லை.

ஆனால் ஒருவர் ஆப்தர் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் சிக்கல். அறிவு தன்னளவிலேயே நம்பத்தக்கது, குறை தெரியவரும்வரை அதை ஏற்கலாம் என்றது மீமாம்சை. நம்பகம் வெளியிலிருந்து உறுதிப்பட வேண்டும் என்றது நியாயம். அன்றாட வாழ்வில் நாம் எல்லோரும் மீமாம்சகர்கள். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பதில் வாங்கியவர், சொன்னவரின் யோக்கியதையை விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. விசாரித்தால் வாழ முடியாது. ஆனால் ஒரு சொல்லை நம்பிப் பல லட்சம் பெற்றோர் தங்கள் குழந்தைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகிறார்கள் என்றால், அங்கே நியாயத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும். அறிவியலே இதற்கு வெளியிலிருந்து உறுதி தேடிக்கொள்கிறதே, அது சோதனையின் மேல் நிற்கிறதே என்று கேட்கலாம். யாருடைய சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தைத்தான் 1660இல் தோன்றிய லண்டன் ராயல் சொசைட்டி தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது. நடைமுறை அப்படி இல்லை என்பதை ஜான் ஹார்ட்விக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். 99 பேர் சேர்ந்து எழுதிய ஓர் இயற்பியல் ஆய்வுக் கட்டுரையை அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். அந்த 99 பேரில் ஒருவருக்கும் முழு ஆய்வும் நேரடியாகத் தெரியாது. ஒவ்வொருவரும் மற்றவர்களின் சொல்லை நம்பியே கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆக, ஆய்வகத்துக்கு உள்ளேயும் உரை அளவைதான் ஓடுகிறது. நம்புவது தவறே இல்லை. விசாரிப்பாரற்ற நம்பிக்கைதான் ஆபத்து.

அந்த ஆபத்து எப்படிப்பட்டது என்பதற்கு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழ், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 12 குழந்தைகளைப் பரிசோதித்து அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையை வெளியிட்டது. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. கட்டுரை சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைக் கடந்து வந்தது. எழுதியவர்கள் மருத்துவர்கள். வெளியிட்ட இதழோ உலகின் தலைசிறந்த மருத்துவ இதழ்களில் ஒன்று. ஆப்தர் என்பதற்கு நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் எல்லா அடையாளமும் இருந்தது. செய்தித்தாள்கள் அந்த ஐயத்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சென்றன. ஒரு பக்கம் வேக்ஃபீல்ட், மறுபக்கம் அரசு மருத்துவர் என்று இருவர் கருத்தையும் போட்டுவிட்டால் நடுநிலை காத்தாயிற்று என்று நினைத்தன. இங்கிலாந்தில் எம்.எம்.ஆர். போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 2003–04இல் சுமார் 80 விழுக்காட்டுக்கு இறங்கியது. தட்டம்மை பரவாமல் தடுக்க 95 விழுக்காடு வேண்டும்.

சண்டே டைம்ஸுக்காக இதை விசாரிக்கப் புகுந்த பிரையன் டீர் மருத்துவம் படித்தவர் இல்லை; பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது தத்துவம். தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா என்ற கேள்விக்கு விடை சொல்ல அவரால் முடியாது. அவர் அதைக் கேட்கவும் இல்லை. இந்த 12 குழந்தைகளும் மருத்துவமனைக்கு எப்படி வந்தார்கள், யார் அனுப்பினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், கட்டுரையில் எழுதியிருப்பதும் குழந்தைகளின் மருத்துவக் குறிப்பில் இருப்பதும் ஒன்றா என்று கேட்டார். 2004 பிப்ரவரியில் முதல் செய்தி வந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் வழியாக வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. கட்டுரை அதைச் சொல்லவில்லை. பின்னர் வெளிவந்த கணக்குப்படி அந்தத் தொகை 4 லட்சம் பவுண்டுக்கும் மேல். உடன் எழுதிய 12 பேரில் 10 பேர் அடுத்த மாதமே கட்டுரையின் முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் நடத்திய விசாரணை 217 நாள் நீடித்தது. குழந்தைகளின் குறிப்புகளையும் கட்டுரையின் அட்டவணையையும் அருகருகே வைத்து டீர் 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 12 குழந்தைகளும் தடுப்பூசிக்கு முன் இயல்பாக இருந்தவர்கள் என்றது கட்டுரை. அவர்களில் ஐவருக்கு அதற்கு முன்பே வளர்ச்சிக் குறைபாடு பற்றிய பதிவு இருந்தது. பின்னடைவு ஆட்டிசம் என்று கட்டுரை காட்டிய ஒன்பது பேரில் மூவருக்கு ஆட்டிசம் என்றே எந்த மருத்துவரும் கண்டறிந்திருக்கவில்லை. ஊசி போட்ட சில நாளில் அறிகுறி தோன்றியது என்று எழுதப்பட்ட சில குழந்தைகளுக்கு, குறிப்பின்படி அது தோன்றியது பல மாதம் கழித்து.

வாத்ஸ்யாயனரின் இலக்கணத்தை இங்கே வைத்துப் பாருங்கள். வேக்ஃபீல்ட் பொருளை அறிந்தவர்தான். குழந்தைகள் அவர் மருத்துவமனையில்தான் இருந்தார்கள். அறிந்தபடியே உரைக்கும் விருப்பம் என்ற இரண்டாவது நிபந்தனையில்தான் உடைப்பு. முதல் நிபந்தனையைச் சோதிக்க மருத்துவம் தெரிய வேண்டும். இரண்டாவதைச் சோதிக்க அவ்வளவு வேண்டியதில்லை. பணம் வந்த வழியும் பதிவேட்டின் தேதியும் போதும். அறிவியல் இதழாளரின் வேலை இன்னதென்று இங்கே துலங்குகிறது. அறியப்பட்ட பொருள் மெய்யா என்று தீர்ப்பளிப்பது அவர் வேலை இல்லை. அறிந்ததாகச் சொல்லப்படும் வழி திறந்திருக்கிறதா, அதில் எங்காவது மூடிய கதவு இருக்கிறதா என்று பார்த்து வாசகருக்குச் சொல்வதே அவர் வேலை. இருவர் கருத்தையும் சமமாகப் போட்டுவிட்டு ஒதுங்கிய செய்தித்தாள்கள் செய்யத் தவறியதும் இதைத்தான்.

சாமானியன் நிபுணரைச் சோதிப்பதா என்ற ஆட்சேபம் இங்கே எழும். அது நியாயமான ஆட்சேபமும்கூட. நிபுணரை நிபுணர்தான் அளக்க முடியும்; இதழாளர் அளக்கத் தொடங்கினால், நாளை வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொருவரும் அளப்பார்கள். இதற்கு என் பதில் இதுதான்: உள்ளிருப்பவர்கள் அளந்தே தீர வேண்டும், ஆனால் அவர்களால் மட்டும் அளந்து முடியாது. வேக்ஃபீல்டின் கருத்துத் தவறு என்று மருத்துவர்கள் நாடு நாடாகப் பெரிய ஆய்வுகள் செய்து காட்டினார்கள். அந்தப் பணியை இதழாளர் யாரும் செய்திருக்க முடியாது. ஆனால் கட்டுரையின் நேர்மையைப் பற்றி அதே மருத்துவர்கள் ஆறு ஆண்டு பேசாமல் இருந்தார்கள். சக மருத்துவரைப் பொய்யர் என்று சந்தேகிக்க அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. மதிப்பாய்வு என்ற ஏற்பாடே, அனுப்பப்பட்ட தரவு உண்மையானது என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. வாட்ஸ்அப் வதந்தி பரப்புகிறவருக்கும் டீருக்கும் உள்ள தூரமும் இங்கேயே தெரிகிறது. ஒருவர் முடிவைச் சொல்கிறார், வழியைக் காட்டுவதில்லை. மற்றவர் ஒவ்வொரு படியையும் காட்டி, மறுக்க முடிந்தால் மறுங்கள் என்று விடுகிறார்.

மணிமேகலைக்கு இங்கே மீண்டும் போக வேண்டியிருக்கிறது. அவள் வஞ்சியில் வைதிகவாதியையும் சைவவாதியையும் ஆசீவகரையும் நிகண்டரையும் சாங்கியரையும் வைசேடிகரையும் பூதவாதியையும் ஒருவர்பின் ஒருவராக அணுகி, உங்கள் பொருளைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். எந்த அணியிலும் சேராமல் கேட்டதால்தான் எல்லோரையும் கேட்க முடிந்தது. ஃப்ரீலான்ஸ் இதழாளரின் நிலையில் இந்தச் சிறப்பு உண்டு என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் இருப்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வைக் குடைய மாட்டார். மருந்து நிறுவன விளம்பரத்தை நம்பி நடக்கும் பத்திரிகையின் ஊழியருக்கு எழுதப்படாத எல்லைகள் உண்டு. வெளியே நிற்கிறவருக்கு அவை குறைவு. ஆனால் வெளியே நிற்பதற்கு விலை உண்டு. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் 2008இல் கார்டியன் நாளிதழில், குழந்தைகளின் வயிற்றுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் முதுகெலும்பை நீவிக் குணப்படுத்தலாம் என்ற கைரோபிராக்டிக் சங்கத்தின் கூற்றுக்குச் சான்று இல்லை என்று எழுதினார். சங்கம் பத்திரிகையை விட்டுவிட்டு அவர் ஒருவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பு 2013இல் இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் திருத்தப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. சிங்கின் நூல்கள் உலகமெங்கும் விற்றவை. அவரால் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க முடிந்தது. அடுத்த மாத வாடகைக்கு அடுத்த கட்டுரையை எதிர்பார்த்திருப்பவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கூலிக்கு எழுதுகிறவர் பரபரப்பான கதைக்கு ஆசைப்பட மாட்டாரா? ஆசைப்படுவார். ஆப்தர் இலக்கணம் அவருக்கும் பொருந்தும். அதிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை. இதற்குக் கடினமான உதாரணம் ஜான் போஹனன். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற இதழாளர். 2015இல் ஜெர்மன் ஆவணப்பட இதழாளர்கள் இருவரோடு சேர்ந்து, சாக்லேட் தின்றால் உடல் சீக்கிரம் மெலியும் என்று ஓர் ஆய்வை வேண்டுமென்றே மட்டமாகச் செய்தார். பங்கேற்று முடித்தவர்கள் 15 பேர். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து எடை, கொழுப்பு, ரத்தப் புரதம், தூக்கம் என்று 18 வகை அளவீடுகள் எடுத்தார்கள். சூட்சுமம் அந்தப் பதினெட்டில் இருக்கிறது. ஓர் அளவீட்டில் வித்தியாசம் வெறும் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு இருபதில் ஒன்று இருந்தால் அதை ஏற்கலாம் என்பது பொதுவான வழக்கம். ஆனால் ஒன்றையொன்று சாராத 18 அளவீடுகள் எடுத்தால், ஏதாவது ஒன்றில் தற்செயல் வித்தியாசம் கிடைக்கும் வாய்ப்பு 60 விழுக்காடாகிவிடும். எது கிடைக்கிறதோ அதைத் தலைப்பாக்கிவிடலாம். கிடைத்தது எடை. காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் ஓர் இதழ் கட்டுரையை ஏற்றது; ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது; செய்தி பல நாடுகளுக்குப் போனது. எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்ற தகவலைக்கூட யாரும் எழுதவில்லை, வெளியாள் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. பிறகு போஹனனே எல்லாவற்றையும் வெளியிட்டார்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணப்படும் என்பது வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் தரும் சலுகை. மணிமேகலையும் வஞ்சியில் ஆண் தவசி ஒருவரின் வடிவம் பூண்டுதான் சமயவாதிகளைச் சந்தித்தாள். அப்படியானால் போஹனனை ஏற்கலாமா? நான் ஏற்கவில்லை. வள்ளுவரின் சலுகையில் எடை முழுவதும் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையில் இருக்கிறது. பங்கேற்றவர்களுக்கு முழு நோக்கமும் சொல்லப்படவில்லை. முதல் பக்கத்தில் சாக்லேட் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் பிறகு வந்த விளக்கத்தைப் படித்திருக்க வழியில்லை. மணிமேகலை தன் உருவத்தை மறைத்தாளே தவிர, பொய்யான கோட்பாடு ஒன்றைத் தானே தயாரித்து ஊரில் உலவ விடவில்லை. உரை அளவையின் பலவீனத்தைக் காட்டுவதற்காக உரை அளவைக்குள் நஞ்சைக் கலப்பது அந்த வேலையின் அடித்தளத்தையே அரிக்கிறது. பில்ட் செய்தியாளர்களுக்குக் கிடைத்த பாடம் உண்மையானது. அதை ஏற்கெனவே அச்சான மட்டமான ஆய்வுகளை வைத்தே கற்பித்திருக்கலாம். அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

இப்படிக் குறைகளை வெளியே இழுத்துப் போட்டால் மக்கள் அறிவியலையே கைவிட்டுவிடுவார்களே என்று கவலைப்படுகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கவலையைப் பலர் உண்மையான அக்கறையோடு சொன்னார்கள். மறுக்கவும் முடியாது: ஓர் ஆய்வு பொய் என்ற செய்தியை, எல்லா ஆய்வும் பொய் என்று திரித்துப் பரப்புகிறவர்கள் தயாராக நிற்கிறார்கள். ஆனால் மூடி வைப்பதால் என்ன நடக்கிறது என்பதை வேக்ஃபீல்ட் கட்டுரையே காட்டிவிட்டது. லான்செட் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி போடாமல் விடப்பட்ட குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வேல்ஸின் ஸ்வான்சீ வட்டாரத்தில் 2012–13இல் பரவிய தட்டம்மையில் 1,200 பேருக்கு மேல் நோய் பதிவாயிற்று. ஓர் இளைஞர் இறந்தார். குறை சீக்கிரம் வெளிவந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

மதத்தின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேள்வி அங்கிருந்துதான் புறப்பட்டது. இதழாளரின் விசாரணையை வைத்து ஆகமத்தை வீழ்த்திவிட்டதாக எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலமற்ற இறைவனே மெய்யான ஆப்தன் என்று சைவ சித்தாந்தி சொல்லும்போது, அவர் பேசுவது வீடுபேற்றைப் பற்றி. அங்கே குறிப்பேடும் இல்லை, கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லை. அந்தச் சொல்லை ஏற்பதும் மறுப்பதும் வேறு வகை முடிவு. அறிவியல் செய்தியாளருக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் இந்தத் தீர்த்தம் புற்றுநோயைத் தீர்க்கும், இந்த மந்திரம் சர்க்கரையைக் குறைக்கும் என்று ஒருவர் சொன்ன அந்தக் கணத்தில் அவர் காண்டல் அளவையின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டார். எத்தனை பேருக்குக் குணமாயிற்று, யார் கணக்கெடுத்தார்கள் என்ற கேள்விக்கு மருந்து நிறுவனம் எவ்வளவு கடன்பட்டதோ அவரும் அவ்வளவு கடன்பட்டவர். பக்தியின் பெயரால் விலக்குக் கேட்பது பக்திக்கும் இழுக்கு.

தமிழில் அறிவியலை விளக்கும் மரபு வளமானது. வழக்கறிஞராக இருந்த பெ. நா. அப்புசாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே எளிய தமிழில் அறிவியல் எழுதினார். சுஜாதாவின் கேள்வி பதில்களைப் படித்து அறிவியலுக்கு வந்தவர்கள் பல்லாயிரம். விசாரிக்கும் மரபுதான் நம்மிடம் மெலிந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. லண்டனில் விதைக்கப்பட்ட ஐயத்தின் வாடை அந்த வதந்திகளில் இருந்தது. அந்த ஐயம் எங்கே பிறந்தது, எப்படிப் பொய்த்தது என்ற முழுக்கதை அதற்கு முன்பே நம் பத்திரிகைகளில் விரிவாக வந்திருக்க வேண்டியது. அதை எழுதக்கூடியவர்கள் தமிழில் இல்லாமல் இல்லை. ஓர் ஆய்வறிக்கையை முழுதாகப் படித்து, அதில் சம்பந்தப்படாத ஆய்வாளர் ஒருவரைத் தேடிப் பேசி, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு ஒரு முழு நாளாவது பிடிக்கும். நம் பத்திரிகைகள் சொல் கணக்கில் தரும் கூலியில் அந்த நாளுக்கு இடமே இல்லை. பத்திரிகை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: மருத்துவச் செய்தி எழுதிக்கொண்டு வருகிறவரிடம் எத்தனை பேரை வைத்துச் செய்த ஆய்வு, யார் பணம், வெளியாள் யாரிடம் பேசினீர்கள் என்று கேளுங்கள், அந்த மூன்றுக்கும் அவர் செலவிட்ட நாளின் கூலியைக் கட்டுரைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள்.